நாய்க்குக் கண்ணுக்குக் கீழே வீங்கினால் பல்லைப் பாருங்கள்

கேள்வி: தோட்டத்துக் காவல் நாய், வயது 7. வலது கண்ணுக்குக் கீழே வீங்கி, உடைந்து சீழ் வருகிறது. மாத்திரை கொடுத்தால் ஆறிவிடுகிறது, சில வாரத்தில் மறுபடியும் அதே இடத்தில் வருகிறது. கண்ணுக்குச் சொட்டு மருந்தும் போட்டுப் பார்த்தாயிற்று. தீனி நன்றாகத்தான் எடுக்கிறது, வாய் மட்டும் நாறுகிறது. என்ன செய்யலாம்? பூனைக்கும் பல் தேய்த்துவிட வேண்டுமா?

பதில்: கண்ணை விட்டுவிட்டு வாயைப் பாருங்கள். வாயைப் பிளக்க வேண்டாம், கடி வாங்குவீர்கள். வலது பக்க மேல் உதட்டை மட்டும் மெதுவாகத் தூக்கினால் போதும். பின்பக்கம் எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒரு பல் தெரியும். அதற்கு மூன்று வேர், அந்த வேர்கள் போய் முடிகிற இடம் சரியாகக் கண்ணுக்குக் கீழே. பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்து, நடுவில் கறுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தால் அநேகமாகக் காரணம் அதுதான். அந்த ஓட்டை வழியாகக் கிருமி இறங்கி வேரில் சீழ் கட்டி, கன்னத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மாத்திரை சீழை அடக்கும், செத்த பல்லை என்ன செய்யும்? அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது.

கால்நடை மருத்துவரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் தாடையிலோ மூக்கிலோ கட்டி இருந்தாலும் இப்படி வீங்கலாம். பல்தான் என்றால் முழு மயக்கம் கொடுத்துப் பிடுங்க வேண்டும், இல்லையென்றால் வேர் சிகிச்சை (ரூட் கேனால்) செய்ய வேண்டும். நாய்க்கு மொத்தம் 42 பல், ஒன்று போனால் காவலுக்கு ஒன்றும் ஆகாது. தீனி எடுக்கிறதே என்று தள்ளிப் போடாதீர்கள். பல்வலியோடு தட்டைக் காலி செய்கிற நாய்கள் நிறைய. எந்தப் பக்கம் மெல்லுகிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வலிக்காத பக்கமாகத் தள்ளித்தான் மெல்லும், வலிக்கிற பக்கத்தில் காரையும், அதாவது பல்லில் படிந்து இறுகிய அழுக்கும், கூடுதலாக இருக்கும்.

இப்படிப் பல் உடைவதற்கு எலும்பு, கல், கூண்டுக் கம்பி எல்லாம் காரணம். எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்று சொல்பவர்கள் உடைந்த பல்லைப் பார்த்ததில்லை போலிருக்கிறது. கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் கொஞ்சம்கூடப் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள்.

சரி, தேய்ப்பது. பல்லில் படியும் அழுக்கு ஓரிரு நாளில் இறுகிக் காரையாகத் தொடங்கிவிடும், அதனால் தினமும் தேய்த்தால்தான் பலன். மெல்லிய பிரஷ், வெளிப்பக்கம் மட்டும் போதும். நம் பேஸ்ட் கூடவே கூடாது, அதை அவை விழுங்கிவிடும். சிலவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் நாய்க்குக் கொடிய விஷம். நாய், பூனைக்கென்றே விற்கும் பேஸ்ட் இல்லாவிட்டால் வெறும் தண்ணீர் போதும். ஆனால் உங்கள் நாய்க்கு இப்போது பிரஷ் வைக்காதீர்கள், சிகிச்சை முடிந்து புண் ஆறட்டும். மயக்கம் இல்லாமல் காரையைச் சுரண்டித் தருகிறேன் என்று யாராவது வந்தாலும் வேண்டாம், வெளியே வெள்ளையாகும், ஈறுக்குள் நோய் அப்படியே இருக்கும்.

பூனைக்கும் தேய்க்கலாம், குட்டியிலேயே பழக்கினால். ஆனால் அதற்கு வேறொரு தொல்லை உண்டு: ஈறு ஓரத்தில் பல் தானாகவே கரைந்து குழி விழும், பிரஷ் அதைத் தடுக்காது. எச்சில் வடிகிறது, வாயில் எடுத்த தீனியைக் கீழே போடுகிறது என்றால் நாயைக் கொண்டுபோகும்போது பூனையையும் சேர்த்துக் கொண்டுபோய்விடுங்கள்.