பேச்சுவழக்குப் பாட்டை எப்படி அலகிடுவது?

"தாத்தா பழைய நினைவுகளைப் பேச்சுவழக்கிலேயே பாட்டாக எழுதி வைத்திருக்கிறார். வெண்பா என்கிறார் அண்ணன். எழுத்துத் தமிழுக்கு மாற்றிவிட்டுத்தான் அலகிட (அசை, சீர் பிரித்துப் பார்க்க) வேண்டுமா?" என்று கேட்டு ஒரு வாசகர் அனுப்பிய வரிகள்:

ஓட்டு வீட்டுத் திண்ண யில்ல – இப்ப
ஒறங்கப் போனா கெனவு மில்ல
பாட்டுப் பாட ஆளு மில்ல – அந்தப்
பாத நடக்கக் காலு மில்ல

மாற்றாதீர்கள். வாய்விட்டுப் படித்து, காதில் விழுவதையே அலகிடுங்கள். இந்த நான்கு அடியில் மாற்றினாலும் பெரிதாக ஒன்றும் கெடாது, திண்ண என்றாலும் திண்ணை என்றாலும் நேர்நேர்தான், கெனவும் கனவும் நிரைநேர்தான் (நேர் என்பது ஓரெழுத்து அசை, நிரை என்பது குறிலில் தொடங்கும் ஈரெழுத்து அசை; ஒற்று கணக்கில் வராது). ஆனால் வேறொரு அடியில் 'வந்துட்டான்' என்று இருந்தால் அது தேமாங்காய் (நேர்நேர்நேர்). 'வந்துவிட்டான்' என்று திருத்தினீர்களோ, கூவிளங்காயாகி (நேர்நிரைநேர்) ஓசை தட்டும். இரண்டாம் எழுத்து ஒன்றும் எதுகையும் அப்படித்தான். ழகரத்தை ளகரமாகவே ஒலிக்கிறவர் மழையையும் களையையும் எதுகையாக வைத்தால் அவர் காதுக்கு அது சரியான எதுகை, பிழை என்று அடிக்கோடு போட வேண்டாம்.

சரி, வெண்பாவா? இல்லை. வெண்பாவில் மாச்சீரை (நேரில் முடியும் ஈரசைச் சீரை) அடுத்து நிரையசை வர வேண்டும், இங்கே 'ஓட்டு வீட்டு' என்று தொடக்கத்திலேயே மா முன் நேர்.

அடிக்கு நாலு சீர், மொத்தம் நாலு அடி என்பதால் கலிவிருத்தமோ என்று அடுத்த சந்தேகம் வரும். அதற்கு நான்கு அடியிலும் ஒரே எதுகை ஓட வேண்டும். இவர் செய்திருப்பது வேறு: ஓட்டு–ஒறங்க, பாட்டு–பாத என்று முதலெழுத்து ஒன்றும் மோனையால் இரண்டிரண்டு அடியாகக் கட்டிவிட்டு, ஓட்டு–பாட்டு என்ற எதுகையால் அந்த ஜோடிகளைக் கோத்திருக்கிறார். 'இப்ப', 'அந்தப்' இரண்டும் தனிச்சொல். சீருக்கு ஒரு தட்டு வைத்துக் கைதட்டிப் பாடினால் இவை அடியின் கணக்கில் சேராமல் அடுத்த அடிக்குத் தாவுவது தெரியும். இதைச் சிந்து என்னும் இசைப்பாட்டு நடையில், இரண்டிரண்டு அடியாக அமைந்த கண்ணி என்று தாராளமாகச் சொல்லலாம்.

அப்புறம் ஒன்று கவனித்தீர்களா, 'கெனவுமில்ல' என்று சேர்த்து எழுதாமல் 'கெனவு மில்ல' என்று பிரித்திருக்கிறார். சீர் பிரிக்கத் தெரிந்த கை அது. அப்படிப் பிரித்ததால் அடிதோறும் 'இல்ல' கடைசிச் சீராகத் தனியே நின்று இயைபாகிறது (அடிகளின் இறுதி ஒன்றுகிறது), ஏக்கம் முழுக்க அந்த இடத்தில்தான் விழுகிறது. மீதிக் கண்ணிகள் கையில் இருந்தால் இந்த இயைபு எங்கே விட்டுப்போகிறது என்று முதலில் தேடுங்கள், பாட்டின் திருப்பம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.