டொராண்டோல சிவில் வேலை: மாஸ்டர்ஸ் பண்ணித்தான் ஆகணுமா?

மாஸ்டர்ஸ்க்கு இப்போ காசு கட்டாதீங்க. சென்னைல எட்டு வருஷம் சைட் பார்த்துட்டு டொராண்டோ வந்து ஆறு மாசமா ஒரு இன்டர்வியூ கால் கூட வரலன்னு எழுதியிருக்கீங்க, படிக்கவே கஷ்டமா இருக்கு, ஆனா பிரச்சினை உங்க டிகிரில இல்ல, அப்ளை பண்றதுல பாதி பி.இங் (ப்ரொஃபஷனல் இன்ஜினியர்) லைசென்ஸ் கேக்குற வேலையா இருக்கும்னு நினைக்கிறேன்.

கடைசியா அப்ளை பண்ணின 20 விளம்பரத்தை எடுத்து எத்தனைல பி.இங் கட்டாயம்னு எண்ணிப் பாருங்க. நிறைய இருந்தா எஸ்டிமேட்டர் (கட்டுமானச் செலவு கணக்கு போடுறவர்), ப்ராஜெக்ட் கோஆர்டினேட்டர் பக்கம் திரும்புங்க. ரெஸ்யூமேல போட்டோ, பிறந்த தேதி, அப்பா பேரு எல்லாம் தூக்கிடுங்க. "சைட் சூப்பர்விஷன்"னு மொட்டையா போடாம எத்தனை மாடி, எத்தனை கன மீட்டர் கான்க்ரீட், உங்க கீழ எத்தனை பேருன்னு எழுதுங்க, நான் அப்படி மாத்தின பிறகுதான் எனக்கு முதல் கால் வந்துச்சு.

லைசென்ஸையும் கூடவே ஆரம்பிங்க. ஒரு வருஷ கனடா அனுபவம் வேணும்ங்கிற விதியை, ஒன்டாரியோல இந்த லைசென்ஸ் குடுக்குற அமைப்பான பிஇஓ 2023லயே எடுத்துட்டாங்க, இப்போ மொத்தம் 48 மாச வேலை அனுபவம் வேணும், ஊர்ல பார்த்த வேலையும் கணக்குல வரும். அதனால பழைய மேனேஜர்கிட்ட இன்னைக்கே பேசிடுங்க, நீங்க அங்க பார்த்த வேலைக்கு அவர் சாட்சி சொல்ல வேண்டி வரும்.

ஒண்ணு மட்டும் கவனம், லைசென்ஸ் கைக்கு வர்ற வரைக்கும் ரெஸ்யூமேலயோ லிங்க்ட்இன்லயோ ப்ரொஃபஷனல் இன்ஜினியர்னு போட்டுக்காதீங்க, ஒன்டாரியோல அது சட்டப்படி தப்பு.