ஃப்ளாப் ஷோ: நீங்கள் கேட்டவை

1989-இல் தூர்தர்ஷனில் வந்த இந்தி நையாண்டித் தொடர் ஜஸ்பால் பட்டியின் ‘ஃப்ளாப் ஷோ’. அதில் பட்டி வாரம் ஒரு வேடத்தில் நடித்தார் என்று முன்பு சொல்லியிருந்தேன். அது பற்றி டெல்லித் தமிழ் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள்.

மயூர் விஹார் நண்பர்: மொத்தம் எத்தனை எபிசோட்?

பத்துதான்.

ஜனக்புரி சகோதரி: பட்டி நடிப்பு படித்தவரா?

சண்டிகரில் எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படித்தவர். கல்லூரியிலேயே ‘நான்சென்ஸ் கிளப்’ என்று நண்பர்களோடு தெருவில் நாடகம் போட்டார். ட்ரிப்யூன் பத்திரிகையில் கார்ட்டூன் வரைந்தார். அப்புறம் தூர்தர்ஷனில் ‘உல்டா புல்டா’ என்ற குட்டி நிகழ்ச்சி. அதில் கைகூடிய சிக்கனம்தான் ஃப்ளாப் ஷோவுக்கு அடித்தளம்.

கரோல் பாக் நண்பர்: வாரம் ஒரு வேடம் என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து அதே தலைப்பாகை, அதே தாடி, அதே குரல். கமல் ஒரே படத்தில் பத்து வேடம் கட்டினார் சார், அதுதான் நடிப்பு.

கமல் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. பட்டி மாற்றியது முகத்தை அல்ல, நாற்காலியை. பிஎச்.டி. எபிசோடைப் பாருங்கள். இவர் பேராசிரியர். ஆராய்ச்சி மாணவன் வீட்டு வேலையெல்லாம் செய்கிறான். விஷயம் மைத்துனியைக் கட்டிவைப்பது வரை போகிறது. பட்டி குரலை உயர்த்துவதே இல்லை. ஏதோ உபகாரம் செய்கிற மாதிரி மெதுவாகப் பேசுகிறார். பையன் சிக்கியிருப்பது அந்த மென்மையில்தான்.

நையாண்டி செய்பவர்கள் பெரும்பாலும் வரிசையில் நிற்கிற அப்பாவி வேடத்தை எடுத்துக்கொள்வார்கள். கைதட்டல் சுலபமாக வரும். பட்டி தப்பு செய்கிறவராகத் தானே போய் உட்கார்ந்தார். அந்த ஆட்களுக்கே எபிசோடைச் சமர்ப்பணமும் செய்தார். அலுவலகத்தில் பொய் மெடிக்கல் பில் கொடுத்துப் பணம் வாங்குகிற எபிசோடை ஆர்.கே.புரம் அரசு குவார்ட்டர்ஸில் பார்த்தவர்களுக்குத் தெரியும், சிரிப்பு பக்கத்து வீட்டைத் தாண்டி நம் வீட்டு மேஜை டிராயருக்கே வந்துவிடும்.

நொய்டா தம்பி: யூடியூபில் எது பார்க்கலாம்?

முழு எபிசோட் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிடத் துண்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். கடைசியில் சினிமாப் பாட்டு மெட்டில் வரும் நையாண்டிப் பாட்டு இல்லையென்றால் அது முழு எபிசோடே இல்லை.

கரோல் பாக் நண்பர், மறுபடி: அப்படியானால் அவர் நல்ல எழுத்தாளர், நடிகர் இல்லை.

இல்லை சார், இங்கே உடன்பட மாட்டேன். அதே வசனத்தை வில்லன் மாதிரிப் பேசியிருந்தால் “இவன் கெட்டவன், நான் இல்லை” என்று நாம் தப்பித்திருப்போம். கண்கூட அசையாமல், நியாயமான மனிதர் போலப் பேசியதால்தான் தப்பிக்க வழி இல்லை. அது எழுத்தில் வராது, நடிப்பில்தான் வரும். மனைவியாக வரும் சவிதா பட்டியையும் கவனியுங்கள், நிஜத்திலும் மனைவிதான். கூட நடித்த விவேக் ஷௌக் எதிரில் நின்று தவிக்காவிட்டால் அந்த அமைதி எடுபட்டிருக்காது.

முனிர்கா நண்பர்: லொள்ளு சபா இதன் காப்பியா?

இல்லை. அது சினிமாவைக் கிண்டல் செய்தது, இது அலுவலகத்தை. மேற்கொண்டு விஜய் டிவி ரசிகர்களைக் கேளுங்கள்.

துவாரகா நண்பர்: யூடியூபில்...

மேலே சொல்லிவிட்டேன். முழு எபிசோட், பாட்டோடு.

ஆர்.கே.புரம் மாமி: அவர் இப்போது என்ன செய்கிறார்?

2012 அக்டோபரில் ஜலந்தர் அருகே கார் விபத்தில் போய்விட்டார் மாமி. ‘பவர் கட்’ என்ற தன் படத்தின் விளம்பரத்துக்காகப் பயணத்தில் இருந்தார். மறு வருஷம் பத்மபூஷண் கொடுத்தார்கள். நீங்கள் பிஎச்.டி. எபிசோடிலிருந்து தொடங்குங்கள். அதற்கு இந்தி அவ்வளவாகத் தேவைப்படாது.