அமெரிக்காவில் இயலாமை உதவித்தொகை மறுக்கப்பட்டால் மேல்முறையீடா, புது விண்ணப்பமா?

மேல்முறையீடுதான். புதிதாக விண்ணப்பித்தால் பழைய தேதியிலிருந்து வரவேண்டிய நிலுவைத் தொகை கைநழுவிப் போகலாம். இந்த உதவித்தொகையைத் தரும் அரசு அமைப்பான சோஷியல் செக்யூரிட்டியின் மறுப்புக் கடிதம் கிடைத்ததிலிருந்து 60 நாள் அவகாசம். கடிதத்தில் உள்ள தேதிக்கு 5 நாள் கழித்துக் கிடைத்ததாகக் கணக்கு வைப்பார்கள். முதலில் மறுபரிசீலனை. அதிலும் மறுத்தால் நிர்வாகச் சட்ட நீதிபதி முன் விசாரணை, அப்புறம் மேல்முறையீட்டுக் குழு, கடைசியாக ஃபெடரல் நீதிமன்றம்.

மறுப்புக்கான காரணத்தை வரிவரியாகப் படியுங்கள். 'இவரால் வேலை செய்ய முடியாது' என்று டாக்டர் தரும் ஒற்றை வரிக்கு அங்கே மதிப்பில்லை. எத்தனை நிமிடம் தொடர்ந்து உட்கார முடியும், எவ்வளவு எடை தூக்க முடியும், மாதத்தில் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாமல் போகும் என்று விவரமாக எழுதி வாங்குங்கள். சிகிச்சையை நடுவில் விட்டுவிடாதீர்கள். அதையே காரணம் காட்டுவார்கள். வக்கீலுக்குப் பெரும்பாலும் ஜெயித்த பிறகு, நிலுவைத் தொகையிலிருந்துதான் கட்டணம்.