நாணல் நட்டால் போதுமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. டர்பன் சாட்ஸ்வர்த்தில் சரிவின் அடியில் எங்கள் வீடு. கனமழை வந்தால் கொல்லைப்புற மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவுநீர் ஓடையில் இறங்குகிறது. ஜெர்மனியில் இத்தகைய தண்ணீரை நாணல் படுகையில் விட்டுச் சுத்தம் செய்கிறார்களாம், மகன் சொல்கிறான். நாங்களும் கொஞ்சம் நாணல் நடலாமா?
– ஒரு வாசகி

பதில்: மகன் சொன்னது நிஜம்தான், தங்கச்சி. ஆனால் அங்கே பாதி வேலைக்கு மேல் மணல்தான் செய்கிறது. ஜெர்மனியில் பல ஊர்களில் மழைநீரும் வீட்டுக் கழிவும் ஒரே குழாயில் போகும். பெருமழையில் மிஞ்சி வழிவதை முதலில் ஒரு தொட்டியில் நிறுத்தி வண்டலைத் தங்கவிட்டு, பிறகு படுகைக்கு அனுப்புகிறார்கள். முக்கால் மீட்டர் அளவுக்கு மணல், அடியில் துளையிட்ட குழாய், வெளியேறும் இடத்தில் ஒரு சின்ன மடை. தண்ணீர் மேலே குளமாக நின்று மெல்ல இறங்கும்போது அழுக்கு மணலில் தங்கும், அமோனியமும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். மழை விட்டுப் படுகை காய்ந்ததும் காற்று உள்ளே புகும். பாக்டீரியாக்கள் அமோனியத்தை நைட்ரேட்டாக்கும். நம் தாத்தாக்கள் நெல்லுக்குச் சொன்ன காய்ச்சலும் பாய்ச்சலும்தான்! நாணலின் தண்டும் வேரும் மேல்மணல் அடைத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கின்றன.

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். கோயில் சமையலறையில் அரிசி கழுவிய தண்ணீருக்காக ஒரு படுகை போட்டேன். மலிவாகக் கிடைத்தது என்று களிமண் கலந்த பூச்சு மணலைக் கொட்டினேன். காவடி முடிவதற்குள் மேலே கறுப்பாக ஒரு தோல் படர்ந்து, அழுகிய முட்டை நாற்றம். தினமும் தண்ணீர் விட்டுக் காயவே விடாதது அடுத்த தப்பு. நாணல் மட்டும் ஜோராக வளர்ந்தது!

சரி, உங்கள் விஷயம் வேறு, நாணல் நட்டு இது தீராது. டர்பனில் மழைநீருக்குத் தனிக் குழாய், கழிவுக்குத் தனிக் குழாய். மழையில்தான் மேன்ஹோல் பொங்குகிறது என்றால், கூரைத் தண்ணீர் எங்கோ கழிவுக் குழாயில் சேர்கிறது, அல்லது விரிசல் வழியே மழை உள்ளே இறங்குகிறது. முதலில் உங்கள் வீட்டையே சந்தேகப்படுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் கேசரிப் பவுடர் கரைத்துக் கூரைக் குழாயில் ஊற்றுங்கள். முற்றத்தில் கழிவுக் குழாய்க்கு உள்ள சின்னச் சேம்பரைத் திறந்து பாருங்கள். ஆரஞ்சு நிறம் வந்தால் அந்த இணைப்பைப் பிளம்பரை வைத்து மாற்றியாக வேண்டும். அப்படி இணைப்பதற்கு அனுமதியும் கிடையாது. பக்கத்து வீட்டாரையும் பார்க்கச் சொல்லுங்கள், கொஞ்சம் பக்குவமாக. பெரிய மேன்ஹோலைத் திறந்து எட்டிப் பார்க்காதீர்கள், விஷவாயு இருக்கும்.

வெயில் நாளிலும் பொங்கினால் அது அடைப்பு; நகராட்சிக்குச் சொல்லி எடுக்கவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறிக் கொழுப்பை சிங்க்கில் ஊற்றுகிறீர்களா? பழைய டப்பாவில் ஆறவிட்டுக் குப்பையில் போடுங்கள். பொங்குவது நிற்கும்வரை பிள்ளைகளை ஓடையில் இறங்க விடாதீர்கள்.