எதிர்க்கட்சி டி.டி.யிடம் போனால் வேலை நடக்குமா?

கேள்வி: அயர்லாந்தில் கார்க் நகரில் செவிலியராக இருக்கிறேன். என் நான்கு வயது மகனுக்கு இன்னும் சரியாகப் பேச்சு வரவில்லை. ஆட்டிசமாக இருக்குமோ என்று, அரசு சுகாதாரச் சேவை அமைப்பான எச்.எஸ்.இ.யிடம் 'அசெஸ்மென்ட் ஆஃப் நீட்' (குழந்தைக்கு என்னென்ன சேவை தேவை என்ற மதிப்பீடு) விண்ணப்பம் கொடுத்து ஒன்பது மாதம் ஆகிறது. போன் செய்தால், "வரிசையில் இருக்கிறது" என்கிறார்கள். தொகுதி டி.டி.யை, அதாவது நாடாளுமன்ற உறுப்பினரை, போய்ப் பார் என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. ஆனால் அவர் சொல்கிறவர் எதிர்க்கட்சி. ஆட்சியில் இல்லாதவரால் என்ன செய்ய முடியும்? எனக்கு ஓட்டும் கிடையாது. வேலைக்கோ விசாவுக்கோ ஏதாவது வந்துவிடுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில்: முதலில் பயத்தைத் தள்ளி வையுங்கள். டி.டி.யிடம் உதவி கேட்பதற்கும் உங்கள் விசாவுக்கும் எந்தச் சட்டத் தொடர்பும் இல்லை. பொதுத்தேர்தலில் ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்கள்தான் ஓட்டுப் போட முடியும் என்பது உண்மை. ஆனால் டி.டி. அலுவலகத்துக்கு வருகிறவரிடம் யாரும் ஓட்டுரிமையைக் கேட்டு உள்ளே விடுவதில்லை. தொகுதியில் குடியிருக்கிறீர்கள், பிள்ளைக்கு ஒரு சேவை வரவேண்டியிருக்கிறது. அது போதும். இதுபோன்ற கடிதங்களைப் பல குடும்பங்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நம்மவர்கள் இந்தக் கதவைத் தட்டத் தயங்கியே மாதக்கணக்கை இழக்கிறார்கள் என்பது என் பெரிய வருத்தம்.

சரி, எதிர்க்கட்சி விஷயத்துக்கு வருவோம். டாய்ல் எனப்படும் அயர்லாந்து மக்களவையில் 2024 தேர்தலிலிருந்து 174 இடங்கள். ஒரு தொகுதிக்கு ஒருவர் என்ற கணக்கு அங்கே இல்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் மூன்று முதல் ஐந்து டி.டி.க்கள் உண்டு. உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்க் சவுத் சென்ட்ரல் தொகுதிக்கு ஐந்து பேர். அவர்களில் ஒருவர் பிரதமர் மிஹால் மார்ட்டின். அதே தொகுதியில் ஷின் ஃபேன், சோஷியல் டெமாக்ரட்ஸ் என்ற எதிர்க்கட்சிகளுக்கும் ஆள் இருக்கிறார்கள்.

பிரதமரே நம் தொகுதி என்றால் அவரிடமே போய்விடலாமே என்றுதான் யாருக்கும் தோன்றும். போகலாம், அவர் அலுவலகம் எச்.எஸ்.இ.க்குக் கடிதமும் எழுதும். ஆனால் ஒரு வேலையை அவரால் செய்ய முடியாது. அவையில் கேள்வி போட முடியாது. அமைச்சராக இருப்பவர் பதில் சொல்கிற இடத்தில் இருக்கிறார். கேட்கிற உரிமை மற்ற டி.டி.க்களுக்குத்தான். ஆளுங்கட்சியின் சாதாரண உறுப்பினர்களுக்கும் அந்த உரிமை உண்டு. ஆனால் அமைச்சர் கூசும்படி கேட்கும் தேவையும் துணிவும் எதிர்க்கட்சியில் இருப்பவருக்கே அதிகம்.

இந்தக் கேள்வியை அங்கே எல்லோரும் 'பி.கியூ.' (பார்லிமென்டரி கொஸ்டின்) என்பார்கள். வாய்மொழியாகவும் கேட்கலாம், எழுத்திலும் கேட்கலாம். உங்களுக்கு வேண்டியது எழுத்துக் கேள்வி. டி.டி. அதைக் கொடுத்த மூன்றாவது வேலை நாளில் பதில் வரவேண்டும் என்பது விதி. கேள்வியும் பதிலும் அவைப் பதிவில் ஏறி, நாடாளுமன்ற இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருக்கும்.

'ஐயோ, மகன் பெயர் இணையத்தில் வந்துவிடுமா?' என்று கேட்பீர்கள். வராது. பதிவில் 'ஒரு குழந்தை (விவரம் தரப்பட்டுள்ளது)' என்று மட்டும்தான் இருக்கும். பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் தனியாக அமைச்சகத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கான பி.கியூ.க்களில் இந்த அடைப்புக்குறியைப் பார்க்கலாம். ஒவ்வொன்றின் பின்னாலும் உங்களைப் போல ஒரு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள்.

கேள்வி எப்படி அமைகிறது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 'இந்தக் குழந்தைக்கு ஏன் தாமதம்?' என்று கேட்டால், பணியாளர் பற்றாக்குறை, அரசு எடுக்கும் முயற்சிகள் என்று இரண்டு பக்கம் வரும், உங்கள் மகன் அதில் எங்கும் இருக்க மாட்டான். தேதியும் எண்ணும் தவிர வேறெதையும் பதிலாகச் சொல்ல முடியாதபடி கேட்க வேண்டும். விண்ணப்பம் எந்தத் தேதியில் பெறப்பட்டது? மதிப்பீடு தொடங்கியதா, எந்தத் தேதியில்? தொடங்கவில்லை என்றால், சட்டம் சொல்லும் கெடு என்றைக்கு முடிந்தது? இப்போது எந்தத் தேதிக்கு வைத்திருக்கிறார்கள்? கார்க் பகுதியில் கெடு தாண்டிக் காத்திருக்கும் குழந்தைகள் எத்தனை பேர்? இந்த ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். டி.டி.யின் உதவியாளர் அதை அவை நடைக்கு மாற்றிக்கொள்வார்.

கெடு என்று சொன்னேனே, அது வெறும் இலக்கு இல்லை. 2005-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, விண்ணப்பம் கொடுத்த மூன்று மாதத்துக்குள் மதிப்பீடு தொடங்க வேண்டும், அடுத்த மூன்று மாதத்துக்குள் முடிய வேண்டும். உங்களுக்கு ஒன்பது மாதம் ஆகிவிட்டது. அதாவது நீங்கள் சலுகை கேட்கவில்லை, சட்டப்படி வரவேண்டியதைக் கேட்கிறீர்கள். டி.டி.யிடம் பேசும்போது இந்த எண்ணம் மனதில் இருக்கட்டும், குரலே மாறும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் ஒரு தடுமாற்றம் உண்டு. எச்.எஸ்.இ. என்றதும் சுகாதார அமைச்சர் என்று நினைத்துவிடுகிறோம். 2023 மார்ச் முதல் மாற்றுத்திறனாளிகளுக்கான சேவைகள் குழந்தைகள் நலத் துறையின் பொறுப்பு. இப்போது அதன் அமைச்சர் நோர்மா ஃபோலி. கேள்வி அவருக்குத்தான் போக வேண்டும்.

மூன்று நாளில் முழுப் பதில் வந்துவிடும் என்று மட்டும் நம்பிக்கொண்டிருக்காதீர்கள். தனிப்பட்ட குழந்தையைப் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும், 'இது சேவை தொடர்பான விஷயம் என்பதால் உங்களுக்கு நேரடியாகப் பதில் தரும்படி எச்.எஸ்.இ.யைக் கேட்டிருக்கிறேன்' என்றுதான் வரும். முதல் முறை பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. இதற்குப் பின் எச்.எஸ்.இ.யில் ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்து, படித்து, டி.டி.யின் பெயருக்குக் கையெழுத்திட்ட கடிதம் அனுப்ப வேண்டும். போனில் 'வரிசையில் இருக்கிறது' என்று சொல்வது வேறு, அதையே தேதியோடு தாளில் எழுதித் தருவது வேறு. கடிதம் வரவில்லை என்றால் டி.டி. மறுபடியும் கேட்கலாம். கேட்கச் சொல்லுங்கள்.

கேள்விக்கு என்ன பலம் என்பதற்கு அயர்லாந்தின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1991-இல் மாட்டிறைச்சித் தொழிலில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க நீதிபதி லியம் ஹாமில்டன் தலைமையில் தீர்ப்பாயம் அமைத்தார்கள். ஈராக்குக்கு ஏற்றுமதியான இறைச்சிக்கு அரசு கொடுத்த காப்பீடு பற்றி எதிர்க்கட்சிக்காரர்கள் அதற்கு முன்பே அவையில் கேட்டிருந்தார்கள். சரியான பதில் வரவில்லை. தீர்ப்பாயத்தில் பதில் சொல்வது போல அவையிலும் சொல்லியிருந்தால் இந்த விசாரணையே தேவைப்பட்டிருக்காது, எவ்வளவோ பணமும் நேரமும் மிஞ்சியிருக்கும் என்று அந்த நீதிபதியே சொன்னார். 1994-இல்தான் அறிக்கை வந்தது.

இன்னொன்று அண்மைக் காலத்தது. காவல்துறைக்குள் நடந்த தவறுகளை வெளியே சொன்ன மாரிஸ் மெக்கேப் என்ற சார்ஜென்ட்டை ஒரு விசாரணையில் எதிர்கொள்ள வகுத்த சட்ட உத்தி, நீதித் துறைக்கு எப்போது தெரியும்? லேபர் கட்சியின் ஆலன் கெல்லி 2017-இல் இதை எழுத்துக் கேள்விகளாக விடாமல் கேட்டார். ஒரு பதிலில் விட்டுப்போனதை அடுத்த கேள்வியில் பிடித்தார். பழைய மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. ஆட்சியே ஆட்டம் கண்டது. முன்பு நீதி அமைச்சராக இருந்த துணைப் பிரதமர் ஃபிரான்சஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று பதவி விலகினார். மறு ஆண்டு சார்ல்டன் தீர்ப்பாயம், அவர் முறையாகவே நடந்துகொண்டார் என்று முடிவு சொன்னது. அதையும் சேர்த்துச் சொல்வதுதான் அவருக்கு நியாயம். கேள்வி கேட்பது தீர்ப்பு சொல்வது ஆகாது. ஆனால் இழுப்பறைக்குள் கிடந்த காகிதத்தை மேசைக்குக் கொண்டுவந்தது அந்தக் கேள்விகள்தான்.

உங்கள் மகனின் பிரச்னையும் அவைக்குப் புதிதல்ல. 2025-இல் மதிப்பீட்டுக் கெடு தாண்டிக் காத்திருந்த குழந்தைகள் 15,000-க்கும் மேல். அந்த மே மாதம் டிப்பரரியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி, ஆட்டிசம் உள்ள தன் தம்பிகளுக்காகவும் இந்தக் குழந்தைகள் எல்லோருக்காகவும் நாடாளுமன்றக் கட்டடமான லின்ஸ்டர் ஹவுஸ் வாசலில் 50 மணி நேரம் போராட்டம் நடத்தினாள். எதிர்க்கட்சிகள் சேர்ந்து அவையில் தீர்மானம் கொண்டுவந்தன. வாரந்தோறும் பிரதமரை நேருக்கு நேர் கேட்கும் 'லீடர்ஸ் கொஸ்டின்ஸ்' நேரத்திலும் இந்த விஷயம் எழுந்தது. உங்கள் கேள்விக்கு வரும் பதில், உங்கள் டி.டி.க்கு அடுத்த விவாதத்தில் கையில் பிடிக்கும் ஆதாரமாகவும் ஆகும்.

டி.டி. கேட்கிறார் என்று நீங்கள் கையைக் கட்டி நிற்க வேண்டாம். சட்டக் கெடு தவறியதற்காக எச்.எஸ்.இ.யின் புகார் அதிகாரியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார். உத்தரவு வந்தும் நடக்கவில்லை என்றால் சர்க்யூட் கோர்ட் வரை வழி உண்டு. அப்புறம், மதிப்பீடு முடிந்தால்தான் பேச்சுப் பயிற்சி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான சேவைக் குழுவுக்குத் தனியாகப் பரிந்துரை வாங்கலாம். குடும்ப மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள்.

அவை செவ்வாய் முதல் வியாழன் வரை டப்ளினில் கூடுகிறது. திங்களும் வெள்ளியும் டி.டி.க்கள் பெரும்பாலும் தொகுதியில் இருப்பார்கள். போன் செய்து நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தின் நகல், எச்.எஸ்.இ. அனுப்பிய ஒப்புகைக் கடிதம், நீங்கள் போன் செய்த தேதிகள், யாரிடம் பேசினீர்கள் என்ற குறிப்பு, அந்த ஐந்து கேள்விகள் எழுதிய தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். மகனைப் பற்றிய விவரங்களைக் கையாள ஒப்புதல் படிவம் ஒன்று தருவார்கள், படித்துக் கையெழுத்திடுங்கள். வேறு டி.டி.யிடமும் போயிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இரண்டு அலுவலகமும் ஒரே கடிதத்தைத் துரத்த வேண்டியதில்லை. கிளம்பும் முன், கேள்வி போட்டதும் அதன் எண்ணை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த எண் கையில் இருந்தால் பதில் வந்ததா என்று நீங்களே இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.