விண்டோஸ் 10 முடிந்தது, கம்ப்யூட்டர் முடியவில்லை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்தான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கதவைச் சாத்திவிட்டது, இனி என்ன செய்வது? அதனால் பிரிண்டர், வைஃபை கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: தம்பி, 2016-ல் மகன் வாங்கித் தந்த டெஸ்க்டாப் என்னிடம் இருக்கிறது. ஐ5, ஆறாம் தலைமுறை, 8 ஜிபி ராம். திடீரென்று திரை முழுக்க ஓர் அறிவிப்பு வந்து, உங்கள் விண்டோஸுக்கு ஆதரவு முடிந்தது என்கிறது. கடையில் கேட்டால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள் என்கிறார்கள். நான் செய்வது தமிழ்த் தட்டச்சு, பேத்தியோடு வீடியோவில் பேசுவது, பென்ஷன் கணக்கு பார்ப்பது, அவ்வளவுதான். வாங்கித்தான் ஆக வேண்டுமா?
- ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மயிலாடுதுறை

பதில்: டீச்சர், இன்றைக்கே வாங்க வேண்டிய அவசியம் இல்லை. முடிந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 ஜூலையில் வந்த விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 வரை மாதாமாதம் பாதுகாப்பு அப்டேட் வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிட்டது. கம்ப்யூட்டர் நிற்காது, கோப்புகளும் எங்கும் போகாது. ஆனால் நாளைக்கு ஓர் ஓட்டையைத் திருடன் கண்டுபிடித்தால் அதை அடைக்க ஆள் வரமாட்டார்கள். பென்ஷன் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டர் என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது.

இதற்கு ஒரு வருட அவகாசம் உண்டு. 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் தொடர்ந்து கிடைக்கும்படி வீட்டு உபயோகத்துக்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், வலது பக்கமோ கீழேயோ 'என்ரோல் நவ்' என்று ஒரு வரி தெரியும். தெரியவில்லை என்றால் உங்கள் விண்டோஸ் 10 பழைய பதிப்பாக இருக்கும். 22எச்2 என்ற கடைசிப் பதிப்பு வரை அப்டேட் செய்துவிட்டுப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தக் கணக்கில் நுழைந்து உங்கள் செட்டிங்ஸை பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் காசே வேண்டாம். அது பிடிக்காதவர்கள் 30 டாலர் அளவுக்குப் பணம் கட்டலாம். ஒரு கணக்கை வைத்தே வீட்டில் 10 கம்ப்யூட்டர் வரை சேர்க்க முடியும் என்பதால் தம்பி வீட்டுப் பழைய லேப்டாப்பையும் இதிலேயே முடித்துவிடுங்கள்.

ஒரு சின்ன எச்சரிக்கை. பேக்கப் என்றதும் உங்கள் படங்களையும் ஆவணங்களையும் ஒன்டிரைவில் ஏற்றட்டுமா என்று கேட்கும். இலவச இடம் 5 ஜிபிதான். பேத்தியின் வீடியோ நாலு போட்டாலே நிரம்பி, 'இடம் இல்லை, பணம் கட்டுங்கள்' என்று தினமும் நச்சரிக்கும். கோப்புறைகளுக்கு எதிரே இருக்கும் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். செட்டிங்ஸ் மட்டும் போனால் போதும்.

அடுத்த பதிப்பான விண்டோஸ் 11 உங்கள் கம்ப்யூட்டரில் ஏறாது, கடைக்காரர் புதிது வாங்கச் சொல்வது அதனால்தான். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் கணக்கு. அது வந்ததே 2017 கடைசியில். சரிபார்ப்பை ஏமாற்றி ஏற்றித் தருகிற பையன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஏறும், ஓடவும் செய்யும். ஆனால் அப்படி ஏற்றிய கம்ப்யூட்டருக்கு அப்டேட் தருவோம் என்ற உத்தரவாதம் இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லிவிட்டது. விளையாடிப் பார்க்கிற கம்ப்யூட்டர் என்றால் செய்யலாம், பென்ஷன் கணக்கு பார்க்கிற கம்ப்யூட்டரில் நான் செய்து தரமாட்டேன்.

ஆக, இப்போது அந்தத் திட்டத்தில் சேருங்கள். அவகாசம் முடிவதற்குள் மகனிடம் பேசி நிதானமாக ஒரு கம்ப்யூட்டர் பாருங்கள், அல்லது கீழே தேனி வாசகருக்குச் சொல்லியிருக்கும் வழியைப் படியுங்கள். உள்ளே இன்னும் பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறது என்றால் இந்த ஒரு வருடத்துக்காக எஸ்எஸ்டி என்ற வேகமான, சுழலாத டிஸ்க்கை வாங்கிப் போடலாமா? போடலாம். அதைப் பின்னால் கழற்றி ஒரு கேஸில் போட்டு பேக்கப் டிரைவாக வைத்துக்கொள்ளலாம் என்பதால் அந்தக் காசு வீணாகாது.

கேள்வி: சார், என் டெஸ்க்டாப் 2019-ல் அசெம்பிள் செய்தது. ஐ3 ஒன்பதாம் தலைமுறை. அதிலும் விண்டோஸ் 11 வராது என்கிறதே?
- கோவை வாசகர்

பதில்: வரும். அசெம்பிள் செய்த சிஸ்டங்களில் அடிக்கடி பார்க்கும் சங்கதிதான் இது. விண்டோஸ் 11 கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி. உங்கள் சிஸ்டத்துக்குள்ளேயே அது இருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள். ஆன் செய்தவுடன் டெலீட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்து, விண்டோஸ் எழும் முன் வரும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போங்கள். இன்டெல் போர்டில் பிடிடி என்ற பெயரிலும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்ற பெயரிலும் இருக்கும். ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வொரு மூலையில் ஒளித்து வைத்திருக்கும், கொஞ்சம் தேடுங்கள். அதை 'எனேபிள்' செய்தால் போதும்.

அடுத்தது செக்யூர் பூட், கம்ப்யூட்டர் எழும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் அனுமதிக்கும் வசதி. அதற்குப் பயாஸை யுஇஎஃப்ஐ என்ற புதிய முறைக்கு மாற்ற வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். உங்கள் டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் பிரிக்கப்பட்டிருந்தால், பயாஸில் யுஇஎஃப்ஐக்கு மாற்றிய கையோடு விண்டோஸ் எழுந்திருக்காது. பயந்து ஃபார்மட் செய்துவிடாதீர்கள், பழையபடி மாற்றினால் எழுந்துவிடும். முதலில் டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸில் வால்யூம்ஸ் என்ற பகுதியைப் பாருங்கள். ஜிபிடி என்ற புதிய முறை இருந்தால் கவலையில்லை. எம்பிஆர் என்றிருந்தால், கோப்புகளை வெளி டிரைவில் எடுத்து வைத்துவிட்டு, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி என்ற கருவியால் மாற்றிய பிறகு பயாஸில் கை வையுங்கள்.

ஏற்றிய பின் பிடிக்கவில்லை என்றால் 10 நாளுக்குள் பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். சி டிரைவில் 'விண்டோஸ் டாட் ஓல்டு' என்று பெரிய கோப்புறை ஒன்று உட்கார்ந்திருக்கும். இடத்தை அடைக்கிறதே என்று அந்த 10 நாளுக்குள் அதை அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் திருப்பணிக் கணக்கும் நன்கொடையாளர் பட்டியலும் 2006-லிருந்து என் கம்ப்யூட்டரில்தான். விண்டோஸ் 11 போடக் கொடுத்தேன். ஃபார்மட் செய்து புதிதாகப் போட்டுத் தந்தார்கள். டி டிரைவ் கோப்புகள் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் திறந்தால் ஒரு வரி தமிழ் இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. வைரஸா?
- திருப்பணிக் குழுப் பொருளாளர், தென்காசி மாவட்டம்

பதில்: வைரஸ் இல்லை ஐயா, ஓர் எழுத்தும் அழியவில்லை. நீங்கள் அனுப்பிய பிரிண்ட் அவுட்டைப் பார்த்தேன். மெய்யெழுத்துக்குப் புள்ளி வர வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி விழுந்திருக்கிறது. அது பாமினி எழுத்துருவின் கைரேகை. அந்தக் காலத்து எழுத்துருக்களில் கோப்புக்குள் சேமிக்கப்படுவது ஆங்கில எழுத்துகள்தான், எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டும். ஃபார்மட் செய்தபோது சி டிரைவோடு எழுத்துருவும் போய்விட்டது. பாமினியை மறுபடி நிறுவிவிட்டுக் கோப்பைத் திறந்து பாருங்கள், நன்கொடையாளர்கள் எல்லோரும் வரிசையாக வந்து நிற்பார்கள். வானவில், டாப் முதலான எழுத்துருக்களில் அடித்தவர்களுக்கும் இதே வைத்தியம்தான். பழைய கம்ப்யூட்டர் இன்னும் கையில் இருப்பவர்கள், ஃபார்மட்டுக்குக் கொடுக்கும் முன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறையை அப்படியே பென் டிரைவில் எடுத்து வையுங்கள். சர்வீஸ் கடையில் இதை யாரும் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் இதோடு விட்டுவிடாதீர்கள். உட்கார்ந்து எல்லாவற்றையும் யூனிகோடுக்கு, அதாவது தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறைக்கு, மாற்றிவிடுங்கள். 2010-ல் கோவை செம்மொழி மாநாட்டை ஒட்டியே தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணை போட்டுவிட்டது. நாம்தான் இன்னும் பாமினியைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். என்எச்எம் கன்வர்ட்டர் மாதிரி இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கும். கோப்பில் இடையிடையே ஆங்கிலத்தில் இருக்கும் வங்கிப் பெயர், இனிஷியல், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் அந்த மென்பொருள் தமிழென்று நினைத்துக்கொண்டு கண்டபடி மாற்றிவிடும். எண்கள் தப்பித்துவிடும் என்பதால் தொகைகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். இனிஷியல்களை மட்டும் பழைய அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்துங்கள். கோயில் பட்டியலில் இனிஷியல் மாறினால் சண்டை வரும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் இருந்தது, லதா எழுத்துருவில் அடித்த அழைப்பிதழ் வரி கலைந்து தெரிகிறது என்று. லதா யூனிகோடுதான், அதனால் படிக்க முடிகிறது. ஆனால் புதிய விண்டோஸில் தமிழுக்கு முதலிடம் நிர்மலா எழுத்துருவுக்கு. லதாவும் விஜயாவும் தானாக வருவதில்லை. செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' என்று தேடி, அதில் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேருங்கள். அழைப்பிதழ் பழையபடி வந்துவிடும்.

தட்டச்சுக்கு இனி தனி மென்பொருள் தேடி அலைய வேண்டாம். 2019 மே மாத அப்டேட்டிலிருந்து தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு விசைப்பலகைகளும் விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

கேள்வி: பள்ளியில் அரசு கொடுத்த லேப்டாப், 2 ஜிபி ராம், விண்டோஸ் 7. தங்கை கல்லூரிக்குப் பயன்படுத்த விண்டோஸ் 11 போடலாமா?
- தேனி வாசகர்

பதில்: முடியாது தம்பி. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உண்மையில் 8 ஜிபி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். விண்டோஸ் 7 சாவியை வைத்து இலவசமாக ஏறுகிற வழியையும் 2023-லேயே மூடிவிட்டார்கள். விண்டோஸ் 7-லேயே இருக்கவும் கூடாது, அதற்கு அப்டேட் நின்றது 2020 ஜனவரியில்.

ராமை 4 ஜிபி ஆக்கி, சின்ன எஸ்எஸ்டி ஒன்று போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றுங்கள். அதன் 22-ம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு. உலாவி, லிப்ரே ஆபீஸ், பிடிஎஃப், தமிழ்த் தட்டச்சு எல்லாம் ஓடும். முதலில் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கைத் தொடாமலே வைஃபையும் சத்தமும் வேலை செய்கிறதா என்று தெரிந்துவிடும். லினக்ஸ் என்றதும் தங்கை முகம் சுளித்தால், இந்த லேப்டாப்களில் பலவற்றில் விண்டோஸோடு மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது என்று சொல்லுங்கள். நாம்தான் திறந்து பார்க்கவில்லை.

செலவு செய்யும் முன் பேட்டரியைக் கழற்றிப் பாருங்கள். உப்பியிருந்தால் அதை மறுபடி மாட்டாதீர்கள்.

கேள்வி: இணையத்தில் ஐந்நூறு ரூபாய்க்கு விண்டோஸ் 11 சாவி விற்கிறார்களே, வாங்கலாமா?
- ஆவடி வாசகர்

பதில்: உங்கள் விண்டோஸ் 10 அசல் என்றால் 11 இலவசம், சாவியே வேண்டாம். அசல் இல்லை என்றால் அந்த ஐந்நூறு ரூபாய்ச் சாவியும் பெரும்பாலும் யாரோ ஒரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கொடுத்ததாக இருக்கும், என்றைக்கு வேண்டுமானாலும் செத்துப்போகும்.

கேள்வி: புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் பயாஸ் அப்டேட் செய்தேன். இப்போது நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது. நான் எந்த எண்ணும் வைக்கவில்லை. புராஜெக்ட் எல்லாம் உள்ளே இருக்கிறது!
- கல்லூரி மாணவி, புதுக்கோட்டை

பதில்: நீங்கள் வைக்கவில்லைம்மா, விண்டோஸ் வைத்தது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக ஏற்றி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், டிஸ்க்கைத் தானே பூட்டிவிட்டுச் சாவியை உங்கள் கணக்கிலேயே போட்டு வைக்கும். போனில் அதே கணக்கில் நுழைந்து, உங்கள் கருவிகளின் பட்டியலில் பிட்லாக்கர் ரெக்கவரி கீ என்ற இடத்தைப் பாருங்கள். சாவி ஒன்றுக்கு மேல் இருந்தால், நீலத் திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்தோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள். லேப்டாப்பை வாங்கிய அன்று கடைக்காரர் தன் மின்னஞ்சலைப் போட்டுத் திறந்து தந்தாரா என்றும் கேட்டுப் பாருங்கள். அப்படியென்றால் சாவி அவர் கணக்கில் இருக்கும். எங்கேயும் கிடைக்கவில்லை என்றால் உள்ளே இருப்பதை நான் உட்பட யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

கேள்வி: அடகுக் கடை வைத்திருக்கிறேன். 1998-ல் எழுதி வாங்கிய டாஸ் ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். விண்டோஸ் 11-ல் ஓடுமா?
- காரைக்குடி வாசகர்

பதில்: நேராக ஓடாது அண்ணாச்சி. உங்களுடையது மாதிரி டாஸ் காலத்து 16 பிட் புரோகிராம்கள் 32 பிட் விண்டோஸில்தான் ஓடும், விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளுக்குள் ஓட்டலாம், ஆனால் ரசீது அச்சடிப்பதில் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டத்தை மாற்றாமல், இணையக் கேபிளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். வாரம் ஒரு முறை, ஃபாக்ஸ்ப்ரோ கணக்கைச் சேமித்து வைக்கும் டிபிஎஃப் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அவற்றை லிப்ரே ஆபீஸில் திறந்து பார்க்கலாம் என்பதால், பழைய சிஸ்டம் ஒரு நாள் படுத்துவிட்டாலும் யார் நகை எவ்வளவுக்கு இருக்கிறது என்ற கணக்கு கையில் இருக்கும். வீட்டுக்கு விண்டோஸ் 11 தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.